வோட்டுரிமையை எழுதிவையுங்கள்!



தோட்டத்திலே உழைத்த நம் பாட்டன்மாருடைய வாழ்வை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவர்கள் பட்ட கடன் முழுவதும் எழுத்தில் இருந்தது. அவர்களுக்கிருந்த உரிமை முழுவதும் வாய்ச்சொல்லில் இருந்தது. கப்பற்கூலி இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, அரிசி வாங்கியது இவ்வளவு என்று கங்காணியின் கணக்குப் புத்தகம் ஒரு காசையும் மறவாமல் குறித்து வைத்தது. இலங்கைத் தோட்டங்களிலே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போகவேண்டுமானால், அவன் பேரிலுள்ள கடனைக் குறித்த அந்தத் துண்டு வேண்டும். புதிய தோட்டத்தார் கடனை ஏற்றுக்கொண்டால்தான் அவன் கால் நகரும். 1921-ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அத்தொழிலாளி நோயுற்றால் மருந்து உண்டா, கூலி குறைந்தால் கேட்க இடமுண்டா என்று வினவினால் கிடைத்த விடை என்ன? "துரை இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்பதே. துரை மாறினால் அந்த உறுதியும் மாறிற்று.

ஒருவனுடைய கடமையை எழுதிவைத்து, அவனுடைய உரிமையை மட்டும் வாயால் சொல்லி நிறுத்துகிறவர் எவ்வளவு நல்லவராயினும் ஆகுக. அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு அன்று. இந்த அளவுகோலைக் கையிலெடுத்து, இன்றைய சிங்கப்பூரில் நமக்குள்ள வோட்டுரிமையை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

சிராங்கூன் சாலையிலே பூக்கடை வைத்திருப்பவரையோ, துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்தவரையோ, குடியுரிமை பெற்ற வேறெந்தத் தமிழரையோ நிறுத்தி, "உமக்கு வோட்டு உண்டா?" என்று கேளுங்கள். "உண்டு, போடாவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்களே!" என்பார். அது உண்மையே. 1959-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வோட்டுப் போடுவது கட்டாயம். போடாதவர் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் காட்டமுடியாதவர் மறுபடியும் சேர 50 வெள்ளி கட்டவேண்டும். வோட்டுப் போடவேண்டிய கடமை இவ்வளவு தெளிவாக எழுத்திலே இருக்கிறது.

"சரி, வோட்டுப் போடும் உரிமை அரசியல் சட்டத்தின் எந்த ஷரத்தில் எழுதப்பட்டிருக்கிறது?" என்று அடுத்தபடியாகக் கேட்டால் அவரால் விடை கூற இயலாது. கற்றறிந்த வக்கீலாலும் ஷரத்தின் எண்ணைச் சுட்டிக் காட்ட இயலாது. ஏனெனில் அப்படியொரு ஷரத்தே இல்லை. அரசியல் சட்டத்தின் 9 முதல் 16 வரையுள்ள ஷரத்துகள் அடிப்படைச் சுதந்திரங்களைக் கூறுகின்றன. உயிருக்கும் உடலுக்கும் உள்ள சுதந்திரம் அங்கே உண்டு. அடிமைத்தனத்திற்குத் தடை உண்டு. சட்டத்தின் முன் சமத்துவம் உண்டு. பேச்சு, கூட்டம், சமயம், கல்வி ஆகியவை உண்டு. வோட்டுரிமை அந்த வரிசையில் இல்லை. யார் யார் வோட்டுப் போடலாம் என்பதைப் பார்லிமெண்டுத் தேர்தல் சட்டம் என்னும் சாதாரணச் சட்டமே கூறுகின்றது. அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினரில் மூன்றில் இரு பங்கினர் இசையவேண்டும். சாதாரணச் சட்டத்தைத் திருத்தவோ சாதாரணப் பெரும்பான்மை போதும்.

இக்குறையைச் சுட்டிக் காட்டியவர்கள் சர்க்காரின் பகைவர்கள் அல்லர். பிரதம நீதிபதி வீ சொங் ஜின் தலைமையில் சர்க்காரே நியமித்த அரசியல் சட்டக் கமிஷன், 1966-ஆம் ஆண்டிலே தனது அறிக்கையை அளித்தது. பிரஜைகளின் வோட்டுரிமையை, எளிதில் மாற்றவியலாதபடி அரசியல் சட்டத்திலேயே பதித்து வைக்கவேண்டும் என்பது அதன் சிபாரிசுகளுள் ஒன்று. அச்சிபாரிசு இன்றளவும் சட்டமாகவில்லை. பின்னர் 2001-லும் 2009-லும் இக்கேள்வி பார்லிமெண்டில் எழுந்தபோது மந்திரிகள் தந்த விடை யாது? வோட்டுரிமை அரசியல் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளடங்கியிருக்கிறது, ஆகவே அது அரசியல் சட்ட உரிமையே என்பதுதான். அதாவது, உரிமை இருக்கிறது. ஆனால் எழுத்தில் இல்லை. உள்ளுறையாக இருக்கிறது, நம்பிக்கொள்ளுங்கள்.

நம்புவதிலே நமக்குத் தடை இல்லை. ஆனால் உள்ளுறையாக இருக்கும் உரிமை நெருக்கடி நேரத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஹவ்காங் தொகுதியின் கதையிலே பார்க்கலாம்.

ஹவ்காங் பெண்மணியின் வழக்கு

14-2-2012-இல் ஹவ்காங் தொகுதியின் அங்கத்தினர் அவருடைய சொந்தக் கட்சியாகிய பாட்டாளிக் கட்சியிலிருந்தே விலக்கப்பட்டார். ஸ்தானம் காலியாயிற்று. காலியான ஸ்தானம் தேர்தலால் நிரப்பப்படும் என்று அரசியல் சட்டத்தின் 49-ஆம் ஷரத்து கூறுகின்றது. எத்தனை நாளுக்குள் என்று கூறவில்லை. ஆகவே எப்பொழுது உபதேர்தல் என்பது மாத்திரமன்று, உபதேர்தல் நடத்தியே ஆகவேண்டுமா என்பதே கேள்வியாகிவிட்டது.

அக்கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டு சென்றவர் ஒரு கட்சித் தலைவர் அல்லர், செல்வரும் அல்லர். அத்தொகுதியிலே குடியிருந்து, துப்புரவு வேலை செய்து பிழைத்த வெள்ளம்மா என்னும் தமிழ்ப் பெண்மணியே அவர். என் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லை. உபதேர்தலை நடத்தும் கடமை பிரதம மந்திரிக்கு உண்டென்று கோர்ட்டார் கூறவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 26-5-2012-இல் உபதேர்தல் நடந்து முடிந்தது. 1-8-2012-இல் ஹைக்கோர்ட்டு அவருக்குப் பாதகமாகத் தீர்ப்புக் கூறியது. உபதேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் பிரதம மந்திரிக்கு இல்லை என்பது அத்தீர்ப்பு.

அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருடைய தொகுதிக்குத்தான் புதிய பிரதிநிதி வந்துவிட்டாரே! ஆயினும் அவர் அப்பீல் செய்தார். 5-7-2013-இல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உபதேர்தல் முன்னமே நடந்துவிட்டமையால் அவர் கேட்ட பரிகாரத்தை அது அளிக்கவில்லை. ஆனால் சட்டம் இன்னது என்பதை ஐயமறக் கூறியது. தனித்தொகுதி காலியானால் அதை நிரப்பாமலே விட்டுவிடும் வரம்பற்ற அதிகாரம் பிரதம மந்திரிக்கு இல்லை; தக்க காலத்திற்குள் உபதேர்தல் நடத்தியாகவேண்டும் என்பதே அது. பெரிய படிப்பாளிகள் கேளாத கேள்வியைத் துடைப்பம் பிடித்த கை கேட்டது. நாடு முழுவதற்கும் ஒரு விதி கிடைத்தது. இதற்காக நாம் பெருமைப்படுவது தகும்.

பெருமைப்பட்ட பின்னர் யோசித்தலும் தகும். இது எழுதப்பட்டிருந்தால் அப்பெண்மணி கோர்ட்டுப் படி ஏறவேண்டிய அவசியம் என்ன? ஹைக்கோர்ட்டு ஒருவிதமாகவும் அப்பீல் கோர்ட்டு மற்றொரு விதமாகவும் பொருள்கொள்ள இடம் ஏது? அன்றியும் 'தக்க காலம்' என்பது எவ்வளவு? கோர்ட்டு நாட்கணக்கு வகுக்கவில்லை. ஹவ்காங் 102 நாள் காத்திருந்தது. 12-12-2012-இல் காலியான பொங்கோல் ஈஸ்ட் தொகுதிக்கு 45 நாளிலே தேர்தல் வந்தது. 12-3-2016-இல் காலியான புக்கிட் பாத்தோக் தொகுதிக்கு 56 நாளிலே வந்தது. மூன்று தொகுதி, மூன்று அளவு. ஒரே கடையிலே மூன்று படிக்கல் இருந்தால் வாங்குகிறவன் சும்மா இருப்பானோ?

நாட்கணக்கு முன்னே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1963-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலே, காலியான ஸ்தானத்தை மூன்று மாதத்திற்குள் நிரப்பவேண்டும் என்று எழுதியிருந்தது. நாடு தனித்து நின்ற 1965-ஆம் ஆண்டிலேயே அந்த மூன்று மாதக் கெடு எடுக்கப்பட்டது. எடுத்ததன் பயன் என்னவென்று ஆன்சன் தொகுதி பின்னாளில் காட்டிற்று.

1981-இல் தேவன் நாயர் குடியரசுத் தலைவரானபோது அவருடைய ஆன்சன் ஸ்தானம் காலியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் உபதேர்தல் நடந்தது. துறைமுகத் தொழிலாளர் பலர் வாழ்ந்த அத்தொகுதியிலே, யாழ்ப்பாணத்திற் பிறந்த ஜே. பி. ஜெயரத்தினம் வெற்றி பெற்றார். 1968-ஆம் ஆண்டுத் தேர்தல் தொடங்கி ஒரே கட்சியாரே நிறைந்திருந்த பார்லிமெண்டில் அன்றுதான் எதிர்க்கட்சிக் குரல் ஒன்று ஒலித்தது. 1986-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஸ்தானத்தை இழந்தார். அதன் பின்னர் உபதேர்தல் நடந்ததா? இல்லை. 1988 செப்டம்பரில் பொதுத்தேர்தல் வரும் வரையில் ஆன்சன் மக்களுக்குப் பிரதிநிதியே இல்லை. ஜெயரத்தினத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளட்டும். ஆன்சன் மக்கள் செய்த குற்றம் என்ன? மூன்று மாதம் என்ற இரண்டு சொல் சட்டத்தில் நின்றிருந்தால் அவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டு ஊமையாக இருக்க நேர்ந்திராது.

சிறுபான்மையாராகிய நமக்கு இதில் இன்னுமொரு பாடம் உண்டு. 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தது. சிறுபான்மை இனத்தார் பார்லிமெண்டிலே குறையாமல் இருப்பதற்காகவே அது என்று சொல்லப்பட்டது. 2017-இல் மார்சிலிங் - இயூ டீ குழுத்தொகுதியின் ஒரே சிறுபான்மை அங்கத்தினரான ஹலிமா யாக்கோப், குடியரசுத் தலைவர் பதவியை நாடி விலகினார். உபதேர்தல் நடக்கவில்லை. வழக்கு எழுந்தது, குழுவிலுள்ள அத்தனை ஸ்தானமும் காலியானாலொழிய உபதேர்தல் தேவையில்லை என்று 2019-இல் அப்பீல் கோர்ட்டு முடிவு கூறியது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கோர்ட்டாரைக் குறை கூறிப் பயனில்லை. 2020 பொதுத்தேர்தல் வரையில் அத்தொகுதி சிறுபான்மைப் பிரதிநிதி இன்றியே இருந்தது. 2023 ஜூலையில் தர்மன் சண்முகரத்னம் ஜூரோங் குழுத்தொகுதியை விட்டு விலகியபோதும் 2025 பொதுத்தேர்தல் வரையில் அந்த ஸ்தானம் வெறுமையாகவே கிடந்தது. நமக்காகச் செய்த நாற்காலி என்றார்கள். நாற்காலியில் ஆள் இல்லாதபோது, மற்ற நாற்காலிகள் இருக்கின்றனவே என்றார்கள். இதுவா பாதுகாப்பு?

இலங்கை கற்பித்த பாடம்

"பிரதிநிதி சிறிது காலம் இல்லாதிருந்தது உண்மை, வோட்டை யார் பறித்தார்கள்?" என்று கேட்பவர் உண்டு. இந்நாட்டில் யாரும் பறிக்கவில்லை. பறிக்கும் எண்ணம் எவருக்கும் உண்டென்று நாம் கூறவும் இல்லை. ஆனால் சாதாரணச் சட்டத்திலே வைத்த வோட்டைப் பறிப்பது எவ்வளவு எளிது என்பதைத் தமிழர் வேறொரு நாட்டிலே கண்ணாரக் கண்டிருக்கின்றனர்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தமிழர் வோட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பார்லிமெண்டுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு, 1948-இல், 18-ஆம் எண் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்ததற்குச் சான்றுச் சீட்டுக் காட்டு என்றது. லயத்திலே பிறந்தவனுக்குச் சான்றுச் சீட்டு ஏது? அவனிடம் இருந்ததெல்லாம் கடன் சீட்டே! 1949-இல் 48-ஆம் எண் சட்டம் வந்து, பிரஜை அல்லாதார் வாக்காளர் பட்டியலில் இருத்தலாகாது என்றது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஒருவரும் பார்லிமெண்டுக்கு வரவில்லை. இரத்தம் சிந்தப்படவில்லை, சட்டசபையிலே கை தூக்கினார்கள், அவ்வளவுதான்.

அந்நாட்டின் சோல்பரி அரசியல் சட்டத்தில் 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓர் இனத்தாரை மட்டும் தாழ்த்தும் சட்டம் செல்லாது என்று அது கூறியது. அதை நம்பிக் கோடாகன் பிள்ளை என்பவர் ருவான்வெல்லைத் தொகுதியின் பட்டியலில் பெயர் கேட்டு வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. யார் பிரஜை, யார் வாக்காளர் என்று வரையறுப்பது பார்லிமெண்டின் வேலை. இச்சட்டங்கள் செல்லும் என்று 1953-இல் அங்கே முடிவாயிற்று. நன்கு கவனியுங்கள்! சமத்துவம் என்ற பொதுச்சொல் எழுதப்பட்டிருந்தது. வோட்டு என்ற சொல் எழுதப்படவில்லை. அந்தச் சந்திலேதான் ஒரு ஜனசமூகமே வெளியே தள்ளப்பட்டது. 1964-இல் இரு நாட்டுப் பிரதம மந்திரிகள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீந்த 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று சாக்குமூட்டையைப் பங்கிடுவதுபோல் பங்கிட்டனர். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலே வந்தது. பறிக்க ஓராண்டு, திருப்பித் தர ஐம்பத்தைந்தாண்டு.

ஏட்டுச் சுரைக்காயும் அமெரிக்காவும்

இனி எதிர்வாதத்தைப் பார்ப்போம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எழுதிவைத்த நாடுகளிலே மட்டும் என்ன வாழ்ந்தது? அமெரிக்காவைப் பாரும்" என்பர் சிலர். பார்ப்போம்.

1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள், வோட்டு யாருக்கு என்பதை எழுதவில்லை. அந்தந்த இராஜ்யத்தின் விருப்பத்திற்கு விட்டார்கள். ஆனால் பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும்போது, அடிமைகளில் ஐவரை மூவராக எண்ணிக்கொள்ளலாம் என்பதை மறவாமல் எழுதினார்கள். தலைக்கணக்கு எழுத்தில் ஏறிற்று. தலைக்குரிய வோட்டு ஏறவில்லை. கங்காணியின் புத்தகத்திற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

உள்நாட்டுப் போரிலே இலட்சக்கணக்கானோர் மடிந்தபின், 1870-இல் 15-ஆம் திருத்தம் வந்தது. இனம், நிறம், முன்பு அடிமையாயிருந்தமை ஆகியவற்றைக் காட்டி வோட்டை மறுத்தலாகாது என்று எழுதப்பட்டது. தென்னாட்டு இராஜ்யத்தார் அவ்வெழுத்துக்கு வேறு வழியில் குழி பறித்தார்கள். 1890-இல் மிசிசிப்பி, வோட்டுக்குத் தலைவரி கட்டு என்றது. அரசியல் சட்டத்தைப் படித்துப் பொருள் சொல்லு என்றது. வெள்ளையனுக்கு ஒரு பரீட்சை, கறுப்பனுக்கு வேறு பரீட்சை. பெண்களுக்கு நாடெங்கும் வோட்டுக் கிடைக்க 1920 வரையில் ஆயிற்று. இந்தியருக்கோ குடியுரிமையே இல்லை. 1923-இல் பகத் சிங் திந்த் என்னும் சீக்கியரின் வழக்கிலே, இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆதலின் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 1946-இல்தான் அந்தக் கதவு திறந்தது.

ஆகவே எழுத்து ஏமாற்றப்பட்டது மெய். ஆனால் முடிவு என்ன? 1965 மார்ச் 7-இல் செல்மா நகரிலே கறுப்பின மக்கள் அடிபட்டபோது, "எங்களுக்குக் கருணை காட்டுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "1870-இல் எழுதித் தந்ததைச் செலுத்துங்கள்" என்றார்கள். அந்த 15-ஆம் திருத்தத்தின்மேல் காலூன்றியே 1965 ஆகஸ்டு 6-இல் வோட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. நம் சிங்கப்பூர் தனிநாடானதற்கு மூன்று நாள் முன்னர்! 95 ஆண்டு வட்டி கட்டாத கடனாளியைப் பிடித்து நிறுத்தியது எது? பழைய பத்திரந்தான். பத்திரமே இல்லாதவன் எந்தக் கோர்ட்டிலே வழக்காடுவான்? 2013 ஜூன் 25-இல், வெள்ளம்மா வழக்கின் தீர்ப்புக்குப் பத்தே நாள் முன்னர், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்த வோட்டுரிமைச் சட்டத்தின் முக்கியமான பகுதியொன்றைச் செல்லாதாக்கியது. சாதாரணச் சட்டம் சரிந்தது; அரசியல் சட்டத்தின் திருத்தம் அசையவில்லை. இன்றும் அங்குள்ளவர்கள் அதன்மேல் நின்றே போராடுகின்றனர். சுரைக்காய் ஏட்டிலிருந்து அடுப்புக்கு வர உழவு வேண்டும், மெய்யே. ஆனால் விதையே வேண்டாம் என்பவன் உழவன் அல்லன்.

"உபதேர்தலுக்குக் கெடு வைத்தால் ஆட்சி தடுமாறும்" என்பது அடுத்த வாதம். ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சற்றே பாருங்கள். மலேசிய அரசியல் சட்டத்தின் 119-ஆம் ஷரத்து, பிரஜைக்கு வோட்டுரிமை உண்டென்று நேராகவே கூறுகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வயது பதினெட்டாயிற்று. அதே அரசியல் சட்டத்தின் 54-ஆம் ஷரத்து, காலியான ஸ்தானம் 60 நாளுக்குள் நிரப்பப்படவேண்டும் என்கின்றது; பார்லிமெண்டின் ஆயுள் முடியும் தறுவாயில் மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவிலே 326-ஆம் ஷரத்து வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டை வழங்குகின்றது. 1996 முதல் உபதேர்தலுக்கு ஆறு மாதக் கெடு, சில விலக்குகளோடு, சட்டத்தில் இருக்கின்றது. அமெரிக்க அரசியல் சட்டத்திலும், பிரதிநிதி ஸ்தானம் காலியானால் கவர்னர் தேர்தல் உத்தரவு பிறப்பிக்கவேண்டும் என்று 1787-லேயே எழுதியிருக்கிறது. இவற்றால் எந்த நாட்டில் வானம் இடிந்து விழுந்தது? ஒழுங்குக்கும் நேரத்திற்கும் பேர்போன சிங்கப்பூருக்கு மட்டுமா இது முடியாத காரியம்?

"உரிமைதான் உள்ளடங்கி இருக்கிறதே, எழுதுவானேன்?" என்பது மூன்றாவது வாதம். இதற்கு நீண்ட விடை வேண்டாம். நிலம் உன்னுடையதே, பட்டா எதற்கு என்று சொல்லும் பங்காளியை நாம் அறிவோம். அவன் மெய்யாகவே நல்லவனாக இருக்கலாம். அவன் மகன் எப்படியோ? உரிமை இருப்பது உண்மையானால் அதை எழுதுவதால் சர்க்காருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எழுதத் தயங்கினால்தான் ஐயம் பிறக்கும்.

நம் கடமை

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, பிரஜை ஒவ்வொருவருக்கும் இரகசிய வோட்டின் மூலம் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று, 1966-ஆம் ஆண்டுக் கமிஷன் கூறியவாறே, அரசியல் சட்டத்திலே எழுதுக. இரண்டு, 1965-இல் எடுத்த மூன்று மாதக் கெடுவைத் திரும்ப வைக்குக. மூன்று, குழுத்தொகுதியின் சிறுபான்மை அங்கத்தினர் விலகினால் அந்த ஸ்தானத்திற்கேனும் உபதேர்தல் நடத்துக. இவற்றுள் ஒன்றும் புரட்சி அன்று. ஒன்றும் ஒரு கட்சிக்குரியதும் அன்று. ஆளுங்கட்சிக்கு வோட்டளிப்பவருக்கும் எதிர்க்கட்சிக்கு வோட்டளிப்பவருக்கும் பத்திரம் ஒன்றே.

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை தீர்ந்ததா? இல்லை. எழுத்தைப் பயன்படுத்தாதவன் எழுத்தைக் கேட்கத் தகுதியற்றவன். 20-3-1948-இல் இந்தத் தீவிலே முதல் தேர்தல் நடந்தது. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையில், பட்டியலில் ஏறியவர் 23,000-க்கும் குறைவு. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே வோட்டு. 22 பேர் கொண்ட சட்டசபையில் பொதுமக்கள் தேர்ந்தெடுத்தவர் ஆறே பேர். வர்த்தக சங்கங்களுக்கோ மூன்று ஸ்தானம் தனியே இருந்தது. அந்த அற்ப வோட்டுக்கும் இந்தியர் முன்வந்து பெயர் பதிந்தார்கள். ஜனத்தொகையில் அவர்களுக்கிருந்த பங்கைவிடப் பட்டியலில் அவர்கள் பங்கு பன்மடங்கு மிகுந்திருந்தது. 1955-இல் தாமாகவே பெயர் ஏறும் முறை வந்து வாக்காளர் தொகை மூன்று லட்சமாயிற்று. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அக்காலத்தில் கோ. சாரங்கபாணி, 'இந்நாட்டில் வாழ்பவர்கள் இந்நாட்டின் பிரஜையாகப் பதிந்துகொள்ளுங்கள்' என்று தமிழரிடையே ஓயாது பிரசாரம் செய்தார். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று பெட்டியைக் கட்டியபடியே இருந்தவர்களைப் பட்டியலில் ஏற்றியது அந்த உழைப்பு.

அவர்களுடைய பேரர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? "நூற்றுக்கு ஒன்பது பேர் நாம், நம் வோட்டால் என்ன ஆகும்?" என்று சோம்பியிருக்கிறோம். சென்ற தேர்தலில் வோட்டுப் போடாமல் பெயர் நீங்கப்பெற்றவர் நம் வீட்டிலே உண்டா, உண்டானால் அவர் மறுபடியும் பதிந்தாரா என்று விசாரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையிலே நிறைந்து நிற்கும் நம் தொழிலாளத் தோழர்களைப் பாருங்கள். இந்நகரத்தைக் கட்டும் அவர்களுக்கு இங்கே வோட்டு இல்லை. அவர்கள் ஊரிலே வோட்டு உண்டு. ஆனால் தேர்தல் நாளன்று நேரில் நின்றால்தான் போடமுடியும். விமானச் சீட்டுக்கு வழியில்லாதவனுக்கு அது எட்டாக்கனி. அவர்களுக்கு இருந்தும் எட்டாத ஒன்று நமக்கு வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலே கிடைக்கின்றது. அதையும் அசட்டை செய்வோமாயின் நம்மைக் காட்டிலும் இரங்கத்தக்கார் யார்?

பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லையேல் இன்றே விண்ணப்பம் செய்யுங்கள். வோட்டுக் கேட்டு வாசலுக்கு வருகின்ற அபேட்சகர் எக்கட்சியினராயினும், மாலையும் மரியாதையும் செய்யுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, என் வோட்டுரிமையை அரசியல் சட்டத்திலே எழுதிவைக்க நீர் கை தூக்குவீரா?" "அது உள்ளடங்கி இருக்கிறது" என்று அவர் சொன்னால், துண்டுச் சீட்டைச் சுமந்து மலையேறிய நம் பாட்டன்மாரை நினைத்துக்கொண்டு மறுமொழி கூறுங்கள்:

"எங்கள் கடனை ஒருவரும் உள்ளடக்கி வைக்கவில்லை, ஐயா. எழுதித்தான் வைத்தார்கள். உரிமையையும் எழுதியே தாருங்கள்!"